வீட்டுக்குள் வராத கோட்டு

"யானைத்தோலுன்னா கொள்ளாம், மாட்டுத்தோலுன்னா கொள்ளாதாக்கும்?"

"கொள்ளாது."

"புலித்தோலு?"

"அதும் கொள்ளாம். சாமி இடுப்புல உடுத்தது புலித்தோலு. மேல போத்துனது யானைத்தோலு. மாட்ட உரிச்சாருன்னு எங்கயாவது கேட்டிருக்கியாட்டி? மாட்டு மேல ஏறிப் போறவராக்கும் அவரு. நாளைக்கும் ஏறிப் போவாண்டாமா?"

"அப்பம் கோயில்ல கொட்டுத மத்தளம்?"

"அத நான் தொட்டனா? சத்தத்தத்தான் கேக்கேன். சத்தத்துக்குத் தீட்டு கெடையாது."

கோமளவல்லி அடுப்புக்குள் காய்ந்த மட்டையைத் தள்ளினாள். புறவாசலில் பெரிய வார்ப்பில் நெல் அவிந்துகொண்டிருந்தது. அவித்த நெல்லின் ஆவி இருவர் முகத்துக்கும் நடுவில் எழுந்து, காற்று திரும்பும்போதெல்லாம் மாமியாரை மறைத்து மறைத்துக் காட்டியது. ஆவிக்குள்ளிருந்து பேசுகிறவளோடு வாதாடுவது கஷ்டம். அதுவும் அழகியநாயகி அம்மாள் திருநீறு பூசிய நெற்றியோடு பேசும்போது, அசரீரியோடு வழக்காடுவதுபோல இருக்கும்.

வழக்கு ஒரு தோல்கோட்டைப் பற்றியது. அது அப்போது வீட்டு வாசலுக்கு வெளியே, பூவரசு மரக்கிளையில் தொங்கிக்கொண்டிருந்தது. காப்பிக் கொட்டை நிறம். முழங்கை இரண்டிலும் தனித்தோல் வைத்துத் தைத்தது. கழுத்து வரை பித்தான். பனி கொட்டும் ஏதோ ஒரு தேசத்தில், ஓநாய் ஊளையிடும் பாதையில், குதிரைவண்டியிலிருந்து இறங்கிச் சத்திரத்துக் கதவைத் தட்டுகிறவன் போட்டிருக்க வேண்டிய கோட்டு. அது தேரூரில், கும்பப்பூ அறுவடை வெயிலில், பூவரசம் பூக்களுக்கு நடுவே தொங்கிற்று. காக்கை ஒன்று அதன் தோளில் உட்கார்ந்து யோசித்துவிட்டுப் போனது.

கோட்டுக்குச் சொந்தக்காரன் அழகியநாயகி அம்மாளின் ஒரே மகன் கணபதியப்பன். மணவாளக்குறிச்சி மணல் கம்பெனியில், கடற்கரை மணலைத் தினுசு தினுசாகப் பிரித்துச் சோதிக்கும் அறையில் அவனுக்கு வேலை. தேரூரிலிருந்து சுசீந்திரம், கோட்டாறு, ராஜாக்கமங்கலம் என்று பஸ் மாறி மாறிப் போனால் சாயங்காலத்து வேலைக்குக் காலையில் புறப்பட வேண்டும். ஆகவே, யுத்தம் முடிந்து பட்டாளத்தார் கழித்துவிட்ட ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கினான். அது ஊருக்குள் வரும்போது களத்தில் சூடடிக்கும் மாடுகள் வட்டம் சுற்றுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்க்கும். அவன் வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகுதான் மறுபடி சுற்றும்.

வண்டி வந்த புதிதில் ராஜாக்கமங்கலத்துக்கு மேற்கே ஒரு திருப்பத்தில் அவன் விழுந்தான். கடற்காற்று அந்த இடத்தில் ரோட்டின் மேல் மணலைக் கொண்டுவந்து வீசும். அதில் முன்சக்கரம் வழுக்கியது. எலும்பு ஒன்றும் முறியவில்லை. ஆனால் இடது கையில் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோல் இல்லை. சட்டையின் கை தோலுக்கு முன்னாலேயே போய்விட்டிருந்தது.

அன்று கோமளவல்லி கிணற்றடியில் அவனை உட்காரவைத்து, தேங்காய் எண்ணெய் தடவித் தடவி, கொண்டை ஊசியின் மழுங்கின முனையால் சதைக்குள் ஏறியிருந்த மணலை ஒவ்வொன்றாக எடுத்து வாழையிலைத் துண்டில் வைத்தாள். வலியை மறக்க அவன் அவளுக்குப் பாடம் நடத்தினான். கறுப்பாக வந்தது இல்மனைட்டாம். சிவப்பு கார்னெட்டாம். கப்பலேறி அமெரிக்காவுக்குப் போகிற சரக்காம். அவள் எடுத்துக்கொண்டே இருந்தாள். கடைசியில், கம்பெனிச் சாமானை இப்படிக் கையில் ஒளித்துக் கொண்டுவந்தால் வேலை போய்விடாதா என்று மட்டும் கேட்டாள். அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. இலையை மடித்துக் கொண்டுபோய் எருக்குழியில் போட்டுவிட்டு, கிணற்றுக்கு அந்தப்பக்கம் நின்று முகத்தைக் கழுவினாள். நெடுநேரம் கழுவினாள்.

தோல் திரும்ப மூடி வருவதற்குள், கோட்டாற்றில் வண்டி பழுதுபார்க்கும் சுந்தர்சிங்கிடம் அவளே கணபதியப்பனை அனுப்பினாள். சுந்தர்சிங் யுத்தத்தில் வடக்கு ஆப்பிரிக்காவில் தபால் வண்டி ஓட்டியவர். அவர் சொன்னதைக் கணபதியப்பன் வந்து சொன்னான். ரோட்டுக்கு எப்போதும் பசி. விழுகிறவனிடம் அது தோல் கேட்கும். வேறு தோல் கொடுத்தால் அதை வாங்கிக்கொண்டு போய்விடும். கொடுக்காவிட்டால் அவன் தோலையே எடுத்துக்கொள்ளும். இதைச் சொல்லிவிட்டு, பாலைவனத்தில் தான் போட்டிருந்த கோட்டையும் ஒரு ஜோடிக் கையுறையையும் இரும்புப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தாராம். அவருக்கு இப்போது வயிறு வைத்துவிட்டது.

ஆக, கோட்டு வந்தது. வாசலோடு நின்றது.

செருப்பு வீட்டுக்குள் வருவதில்லை. இடுப்புவார் வருவதில்லை. கணபதியப்பனின் அப்பா உயிரோடிருந்த காலத்தில் தோல்பை கொண்டுவந்த நாகர்கோவில் வக்கீல் ஒருவரையே, பையை வாசலில் வைத்துவிட்டு வரச் சொன்ன வீடு அது. பைக்குள்தான் அந்த வீட்டுக் கேஸ் இருந்தது. கேஸ் தோற்றதற்கு அதுதான் காரணம் என்று பங்காளிகள் சொன்னார்கள். அழகியநாயகி அம்மாள் அதற்கெல்லாம் அசையவில்லை. பச்சைக்காய் வாங்கினாலும் மீன்காரி கடவப்பெட்டியை வைத்திருந்த இடத்தைத் தாண்டி வந்ததா என்று விசாரிக்கிறவள்.

முதல் ராத்திரி கோட்டைத் தொழுத்தில் வைப்பது என்று முடிவாயிற்று. மாடு கட்டுமிடம் வீடாகாது. தொழுத்துக் கம்பில் கோட்டைத் தொங்கவிட்டான். காலையில் அழகியநாயகி அம்மாள் பால்கறக்கப் போனாள். செவலைப் பசு கோட்டைப் பார்த்தது, அவளைப் பார்த்தது, பாலை மடியிலேயே வைத்துக்கொண்டது. எண்ணெய் தடவிப் பார்த்தாள். கன்றை விட்டுப் பார்த்தாள். கன்றுக்கும் இல்லை. பசு அடிக்கடி தலையைத் திருப்பிக் கோட்டின் காலர்ப் பக்கமாக மோந்துவிட்டுப் பெருமூச்சு விட்டது.

"அதுக்க அக்காளா இருக்கும், இல்லன்னா சித்தி," என்றாள் அம்மாள். "சொந்தக்காரியத் தோலா உரிச்சு முன்னால தொங்கவிட்டா ஒனக்குப் பால் எறங்குமா?"

கோமளவல்லிக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அன்று காப்பிக்குப் பாலில்லை. கடுங்காப்பி குடித்த வாயால் வாதம் ஓடவில்லை.

அதன்பின் கோட்டு ஊர்முனையில் முத்துநாயகத்தின் சாயாக்கடைக்குக் குடிபோனது. முத்துநாயகம் அய்யாவழிக்காரர். தலைப்பாகை இல்லாமல் அவரைப் பார்த்தவர்கள் குறைவு. தோலைப் பற்றி அவருக்கு அபிப்பிராயம் ஒன்றும் கிடையாது. கணபதியப்பன் வேலைக்குப் போகும்போது கடைக்கு முன் வண்டியை நிறுத்தி, கோட்டை மாட்டிக்கொண்டு, திரும்பி வரும்போது கழற்றி ஆணியில் தொங்கவிட்டுவிட்டு, வெறும் சட்டையோடு அம்மாவின் மகனாக வீட்டுக்கு வருவான்.

கோட்டு சும்மா தொங்கவில்லை. மார்கழிக் குளிரில் அதை மாட்டிக்கொண்டு முத்துநாயகம் சாயா ஆற்றினார். அன்று முதல் கடைக்குக் கூட்டம் வந்தது. கோட்டுக்காரர் கையால் சாயா குடிப்பதற்கென்று புதுக்கிராமத்திலிருந்துகூட நடந்து வந்தார்கள். பிறகு வந்தவர்கள் தாங்களும் ஒரு தடவை போட்டுப் பார்க்க ஆசைப்பட்டார்கள். போட்டுக்கொண்டவர்கள் கொஞ்சம் வேறு மாதிரிப் பேசினார்கள். மேலத்தெருவில் கல்யாணம் நிச்சயமான ஒரு மாப்பிள்ளை, நாகர்கோவிலில் போட்டோ எடுத்துக்கொள்ள அதை இரவல் வாங்கிக்கொண்டு போனார். இந்தப் போட்டோ பெண்வீட்டுக்குப் போய்ச் சேர்ந்து, மாப்பிள்ளை ஆகாயவிமானம் ஓட்டுகிறவரா என்று பெண்ணின் மாமன் விசாரித்து வந்தது தனிக்கதை.

போட்டோ எடுக்கப் போன அன்றைக்குக் கணபதியப்பன் கோட்டில்லாமல் வேலைக்குப் போனான். அது எப்படியோ கோமளவல்லிக்குத் தெரிந்துவிட்டது. கடை திறப்பதற்கு முன் அவன் புறப்படும் நாட்களில் கோட்டு பூட்டுக்குள் இருப்பதும், அதை அவன் வீட்டில் சொல்லாமலிருந்ததும் அதோடு சேர்ந்து தெரியவந்தது.

மறுநாள் அவன் புறப்பட்டபோது சோற்றுத் தூக்குவாளியைக் காணவில்லை. தேடினான். அழகியநாயகி அம்மாளும் தேடினாள். கோமளவல்லி அதைத் தூக்கிக்கொண்டு முன்னாலேயே நடந்து போய் முத்துநாயகம் கடைவாசலில் நின்றிருந்தாள். வெள்ளாளத் தெருப் பெண் சாயாக்கடை வாசலில் நிற்பது தேரூரில் சாமானியமான காரியமில்லை. உள்ளே குடித்துக்கொண்டிருந்தவர்கள் கிளாசைக் கீழே வைத்துவிட்டு, குடிக்காதவர்கள்போல உட்கார்ந்துகொண்டார்கள். முத்துநாயகம் அவசரமாகக் கோட்டைக் கழற்றினார். கணபதியப்பன் வந்து அதைப் போட்டு, கழுத்துப் பித்தான் வரை மாட்டின பிறகுதான் தூக்குவாளி அவன் கைக்குப் போனது. அதற்கப்புறம் தினமும் அப்படித்தான். அவியலும் புளிக்கறியும் கோட்டுக்குப் பின்னால்தான் போயின.

"மாப்பிள்ளைக்குச் சட்டை மாட்டி விடத்துக்குச் சாயாக்கடைக்குப் போறாளாம்," என்று தெருவில் பேச்சு வந்தது. அழகியநாயகி அம்மாள் கேட்டுவிட்டு வந்து, வெட்கமாக இருக்கிறதென்று சொன்னாள். எனக்குந்தான் வெட்கமாக இருக்கிறது, கோட்டை வீட்டுக்குள் விட்டால் நான் ஏன் ரோட்டுக்குப் போகிறேன் என்றாள் கோமளவல்லி. அன்றைக்குத்தான் புறவாசலில் யானைத்தோல் வழக்கு நடந்தது. முடிவைச் சொல்லியாயிற்று. இந்தத் தெருப்பேச்சுக்குப் பயந்து, போனால் போகிறதென்று ஒரு சலுகை மட்டும் அன்றே கிடைத்திருந்தது. கோட்டு பகலில் வாசல் பூவரசில் தொங்கலாம். மழை வந்தால் மறுபடி சாயாக்கடை.

கோட்டு மரத்தில் தொங்கிய அந்த வாரத்தில்தான் அவன் மறுபடி விழுந்தான். அதே திருப்பம், அதே மணல். முதல் தடவையைவிட வேகம். வண்டி ஒருபக்கம் போக, அவன் ரோட்டின் மேல் இடதுபக்கமாக உராய்ந்துகொண்டே போய்த் தாழம்புதரில் நின்றான். பனையேறிகள் ஓடிவந்து தூக்கி, பக்கத்தில் இருந்த வர்ம வைத்தியர் செல்வதாஸ் ஆசானின் களரிக்குக் கொண்டுபோனார்கள். முதல் தடவை மணலை எடுத்த பிறகு கைக்கு மருந்து கட்டியதும் அவர்தான்.

செல்வதாஸ் ஆசான் பெயர்பெற்ற கை. தோள் விலகினவர்கள், மரத்திலிருந்து விழுந்தவர்கள், பங்காளியிடம் அடிவாங்கினவர்கள் என்று கிழக்கே தோவாளையிலிருந்து மேற்கே குளச்சல் வரை அவரிடம் வருவார்கள். விழுந்த சத்தத்தைக் கேட்டதுமே அவர் எண்ணெயைக் காய்ச்சச் சொல்லிவிட்டு, பலகையைத் துடைத்து வைத்து, இரண்டு சீடர்களையும் அழைத்துப் பாடத்துக்கு உட்காரவைத்திருந்தார். கோட்டைக் கழற்றினார். தோளைத் தொட்டார். சிவந்திருந்தது. முழங்கையை மடக்கினார். மடங்கியது. விலாவில் விரல் வைத்து அழுத்தி வலிக்கிறதா என்று கேட்டார். கூச்சமாக இருக்கிறதென்றான் கணபதியப்பன். ஆசானுக்கு முகம் வாடிப்போயிற்று. இடுப்புக்குக் கீழே வேட்டி கிழிந்து முழங்கால் தோல் போயிருந்தது. நல்லவேளை என்று அங்கே மருந்து போட்டார்.

கோமளவல்லியும் முத்துநாயகமும் வண்டி பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது அவர் வெற்றிலை போட்டுக்கொண்டு மனக்குறையோடு இருந்தார். சென்ற தடவை நடந்தது சின்ன விழுகை, அதற்கே கை முழுவதும் வேலை இருந்தது. இது பெரிய விழுகை, இதற்குக் கைமுட்டியோ தோளோ ஒழுங்காக ஏதாவது தர வேண்டும் என்றார். கோட்டு முடிகிற இடத்தில் தன் வேலை ஆரம்பிக்கிறது, கோட்டுக்கு மேலே தனக்கு ஒன்றுமில்லை என்று விரலால் அவன் இடுப்பில் எல்லை போட்டுக் காட்டினார். இனிமேல் இவன் கால்சட்டையும் தோலில் போட்டுவிட்டால் தன் வீட்டில் அடுப்பு எரியாதென்றும் சொன்னார். சீடர்கள் எழுந்து போனார்கள்.

கோமளவல்லி அவன் கையைப் பார்க்கவில்லை. கோட்டின் கையைப் பார்த்தாள். இடது கை முழுவதும் தோள்மூட்டிலிருந்து விளிம்பு வரை ரோடு உழுதிருந்தது. முழங்கைத் தோல் பிய்ந்து நூல் தொங்கியது. அதன் அடியிலிருந்த தோலும் பாதி தேய்ந்து வெளுத்திருந்தது. மணல் உள்ளே ஏறி மின்னியது. கறுப்பும் சிவப்பும்.

அதை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஊருக்கு வந்தாள். அழகியநாயகி அம்மாள் வாசலிலேயே நின்றிருந்தாள். மகன் நடந்து வருவதைப் பார்த்ததும் சுசீந்திரம் கோபுரம் இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டு, தாணுமாலயன் காப்பாற்றிவிட்டான் என்றாள். அவன் இடது தோளைத் தடவினாள், முழங்கையைத் தடவினாள், பழைய தழும்பைத் தடவினாள். புதிதாக ஒன்றுமில்லை. அழ ஆரம்பித்தாள்.

கோமளவல்லி கோட்டை விரித்து, கீறின கையை முன்னால் நீட்டினாள்.

"இதையும் ஒரு தடவ பாருங்கோ அத்தே. தொடாண்டாம், பாத்தா போரும். இந்தக் கீறலு முழுக்க அவ்வொ கையில விழவேண்டியதாக்கும். நான் அண்ணைக்கு ஊசி வச்சு எடுத்தம்லா, அதே மணலு. நீங்க மாட்டுத்தோலு மாட்டுத்தோலுங்கியோ. இன்னைக்கு இது அவ்வொ தோலு."

அழகியநாயகி அம்மாள் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். அவளுடைய வலது கை கொஞ்சம் மேலே வந்து, பாதியில் நின்று, திருநீற்றைத் தடவுவதுபோல நெற்றிக்குப் போய்விட்டது.

"போற்றியக் கேப்போம்," என்றாள்.

சிவன் கோயில் போற்றி மறுநாள் பூசை முடிந்து வந்தார். ஒல்லியான மனிதர். சாஸ்திரம் கேட்டால் சொல்வார், ஆனால் சொல்வதற்கு முன் இளநீர் வேண்டும். இரண்டு இளநீர் குடித்துவிட்டு மரத்தடியில் நின்று கோட்டை மேலும் கீழும் பார்த்தார். பஞ்சகவ்யம் தெளித்தால் சுத்தமாகுமா என்பது அம்மாளின் கேள்வி. பாலும் தயிரும் நெய்யும் சாணமும் கோமியமும் கலந்து தெளித்தால் சுத்தமாகாத பொருள் உலகத்தில் இல்லை என்றுதான் போற்றியும் இதுவரை சொல்லிவந்திருந்தார். ஆனால் அந்த ஐந்தும் எங்கிருந்து வருகின்றன? பசுவிலிருந்து. இது எங்கிருந்து வந்தது? பசுவிலிருந்து. பசுவைக் கொண்டு பசுவைச் சுத்தம் செய்வதா? அவருக்குத் தலை சுற்றியது. மூன்றாவது இளநீர் வந்தது.

"அஞ்சும் பசுவிட்டயிருந்து வந்து சுத்தமா இருக்குன்னா, இத ஆறாவதாச் சேத்துக்கிடப்பிடாதா?" என்று கதவுக்குப் பின்னாலிருந்து கோமளவல்லி கேட்டாள்.

போற்றி திடுக்கிட்டுக் கதவைப் பார்த்தார். பஞ்சகவ்யம் என்றால் பஞ்ச, ஐந்து, ஆறு என்று எந்தக் கிரந்தத்திலும் இல்லை என்றார். ஆனால் யோசனை அவரை விடவில்லை. நாளைக்குச் சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போனார். அன்று சாயங்காலப் பூசையில் அபிஷேகத்துக்குப் பால் ஊற்றும்போது அவர் நடுவில் நிறுத்திவிட்டு லிங்கத்தைப் பார்த்துக்கொண்டே நின்றதாகச் சொன்னார்கள்.

மறுநாள் தீர்ப்பு வந்தது. தோலைச் சுத்தப்படுத்துவதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. வீடு எங்கே ஆரம்பிக்கிறது என்று மட்டும் கேட்டார். வாசலில் ஓடு வேய்ந்த படிப்புரை ஒன்று இருந்தது. அது வீடா, வீடில்லையா?

இந்தக் கேள்வியில் அழகியநாயகி அம்மாள் மாட்டிக்கொண்டாள். பண்டாரம் பரதேசிகள் வந்து படிப்புரையில் படுத்தபோதெல்லாம், அது வீடில்லை, யாரும் படுக்கலாம், தீட்டில்லை என்று சொல்லியிருந்தாள். மகள் தாணம்மாளைப் பெண் பார்க்க இரணியல்காரர்கள் வந்து அங்கே உட்கார்ந்தபோதோ, வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டீர்கள், இனி நீங்கள் எங்கள் மனுஷர் என்று சொல்லியிருந்தாள். இரண்டுக்கும் சாட்சி போற்றிதான். அப்படியானால் படிப்புரை வீடாகவும் இருக்கிறது, இல்லாமலும் இருக்கிறது, கோட்டும் அப்படியே இருக்கட்டும் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, இந்த வண்டியில் சுசீந்திரம் எவ்வளவு நேரம் என்று கணபதியப்பனிடம் தனியாக விசாரித்துக்கொண்டு போனார்.

படிப்புரையில் ஆணி அடித்தாகிவிட்டது. நிபந்தனைகளும் வந்தன. கோட்டைக் கழற்றினால் குளித்துவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும். வேறு யாரும் தொடக்கூடாது. அதன் நிழல் தண்ணீர்க் குடத்தின் மேல் விழக்கூடாது. கணபதியப்பன் காலையும் மாலையும் குளித்தான், தும்மினான், ஆனால் கோட்டில்லாமல் ஒருநாளும் வண்டி ஏறவில்லை. தூக்குவாளி மறுபடி அடுக்களையிலிருந்தே கைக்கு வந்தது. முத்துநாயகம் கடையில் கூட்டம் குறைந்தது. அவர் வருத்தப்பட்டு ஒரு குடை வாங்கினார். அது எடுபடவில்லை.

இடவப்பாதி மழை தொடங்கின பிறகு ஒருநாள் படிப்புரை ஓடு ஒழுகியது. சொட்டு நேராகக் கோட்டின் காலரில் விழுந்துகொண்டிருந்தது. கோமளவல்லி அடுக்களைச் சன்னலிலிருந்து பார்த்தாள். அழகியநாயகி அம்மாள் முருங்கைக்காய் பறிக்கும் தொரட்டியைக் கொண்டுவந்து, கை முழுவதையும் நீட்டி, தொரட்டி முனையால் கோட்டைத் தூக்கி, தள்ளாடித் தள்ளாடி நனையாத மூலையில் மாட்டிவிட்டு, தொரட்டியைக் கிணற்றடியில் மூன்று தடவை கழுவினாள். கோமளவல்லி சன்னலை விட்டு நகர்ந்துகொண்டாள். அன்று தீயலில் உப்புக் குறைவாக இருந்தது. மாமியார் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டாள்.

மழை விட்டிருந்த ஒரு காலையில் இரணியலிலிருந்து சைக்கிளில் ஆள் வந்தான். தாணம்மாளுக்கு வலி கண்டுவிட்டது. இது இரண்டாவது பேறு, அங்கேயே பார்த்துக்கொள்வதாகத்தான் பேச்சு. ஆனால் பிள்ளை குறுக்கே கிடக்கிறது என்று மருத்துவச்சி சொல்கிறாள். தாணம்மாள் அம்மையைக் கூப்பிட்டு அலறுகிறாள்.

பஸ் போய்விட்டிருந்தது. அடுத்தது மத்தியானம். வில்வண்டி கட்டினால் போய்ச் சேருவதற்குள் எது நடக்கவேண்டுமோ அது நடந்து முடிந்திருக்கும். கணபதியப்பன் ராத்திரி வேலை முடிந்து அப்போதுதான் வந்து இறங்கியிருந்தான். கோட்டை இன்னும் கழற்றவில்லை. வண்டியின் இரும்பில் மழைத்தண்ணீர் பட்ட இடமெல்லாம் புகைந்துகொண்டிருந்தது.

அழகியநாயகி அம்மாள் குளித்து, ஈரத்தலையில் துவர்த்துத் துண்டு சுற்றி, நெற்றி நிறையத் திருநீறோடு வாசலுக்கு வந்தாள். சைக்கிள்காரனைப் பார்த்தாள், ரோட்டைப் பார்த்தாள், வண்டியைப் பார்த்தாள். பின்னால் இரும்புக் கம்பி மேல் சாக்கு மடித்துக் கட்டிய ஒரு பலகை இருந்தது.

"அதுல நான் எங்கல பிடிச்சுக்கிடணும்?" என்றாள்.

கணபதியப்பன் தன் இடுப்பைப் பார்த்தான். அவளும் பார்த்தாள். இடுப்பு முழுவதும் கோட்டு.

"அதக் கழத்து மக்கா. இன்னைக்கு ஒருநாளு தானே. பைய போனாப் போரும்."

அம்மா சொல்லை அவன் மீறியது மோட்டார் சைக்கிள் வாங்கின ஒரு காரியத்தில் மட்டுந்தான். கழுத்துப் பித்தானில் கை வைத்தான். ஒன்று கழன்றது. இரண்டு கழன்றது. வீட்டுக்குள் துணி எடுத்துக்கொண்டிருந்த கோமளவல்லி இதைப் பார்த்துவிட்டு இறங்கி வந்து, நிபந்தனையை மறந்து, இரண்டையும் திரும்ப மாட்டினாள். குளித்த கைதான் அவளுடையதும்.

அவள் கக்கத்தில் ஒரு கறுப்புக் கம்பளி இருந்தது. அழகியநாயகி அம்மாள் விரதநாட்களில் விரித்துப் படுப்பது. கம்பளிக்குத் தீட்டு கிடையாது, அதை அம்மாளே சொல்லியிருக்கிறாள். கோமளவல்லி அதை மாமியாரின் தோளிலிருந்து முழங்கால் வரை இரண்டு சுற்றுச் சுற்றி, மாட்டுக் கயிறு புதிதாக ஒன்று எடுத்து நெஞ்சிலும் இடுப்பிலும் கட்டினாள். அம்மாள் என்னடி இது என்றாள். விழுந்தா ரோட்டுக்குக் குடுக்கதுக்கு ஏதாவது வேணும்லா என்றாள் மருமகள். சேலைத் தலைப்பைச் சுருட்டிக் கம்பளிக்குள் செருகினாள். கொசுவத்தின் விளிம்பை இழுத்து, சக்கரத்தில் சிக்காதபடி கணுக்காலோடு சேர்த்து நாரால் கட்டினாள். போற்றி கோயிலிலிருந்து வந்து நின்றார். முத்துநாயகம் குடையோடு வந்தார். வடக்கே பட்டாளத்துக்குப் போன பாட்டனைப் போல இருக்கிறாள் என்று யாரோ சொல்ல, யாரோ சிரித்து, தாணம்மாளின் நினைவு வந்து நிறுத்திக்கொண்டார்கள்.

நாலு பேர் பிடித்து ஏற்றினார்கள். பலகையின் மேல் கம்பளிப் பொதியாக உட்கார்ந்து, கைகள் இரண்டையும் முன்னால் நீட்டி, எதையும் தொடாமல், ஆகாசத்தைப் பிடித்துக்கொண்டு இருந்தாள் அழகியநாயகி அம்மாள். கணபதியப்பன் வண்டியைக் கொஞ்சம் நகர்த்தினான். பொதி பின்னால் சாய்ந்தது. முத்துநாயகம் தாங்கினார்.

கோமளவல்லி ஒரு துவர்த்தை எடுத்துக் கோட்டின் மேல் கணவனின் இடுப்பைச் சுற்றிக் கட்டினாள். இதைப் பிடியுங்கள், பருத்திதான் என்றாள். அம்மாளின் விரல்கள் துவர்த்தின் முடிச்சை மட்டும் நுனியால் பற்றின. கணபதியப்பன் உதைத்தான். வண்டி இருமி, அதிர்ந்து, உறுமியது. செவலைப் பசு தொழுத்திலிருந்து கத்தியது. அந்த அதிர்ச்சியிலேயே துவர்த்து கோட்டின் வழவழப்பில் நழுவி, முடிச்சு இடுப்பிலிருந்து அவன் மடிக்குப் போய்விட்டது. அம்மாளின் கைகள் மறுபடி வெறுங்காற்றில் நின்றன. தோலுக்கும் விரலுக்கும் நடுவில் ஒரு சாண்கூட இல்லை.

ராஜாக்கமங்கலம் வழியில்லை இது. ஆனால் இரணியல் ரோட்டிலும் திருப்பங்கள் உண்டு. மழையில் செம்மண் கரைந்து கிடக்கும்.

கோமளவல்லி மாமியாரின் முழங்காலில் கை வைத்தாள். சத்தத்துக்கு மேல் கேட்கவேண்டும் என்று காதருகில் குனிந்தாள்.

"அத்தே, துவர்த்து நிக்காது. கோட்டப் பிடிச்சுக்கிடுங்கோ."